விடாப்பிடி

இரவு இரண்டே கால்.
பர்மிங்காம், டிக்பெத் சாலை, விலங்கு மருத்துவமனை.
பணியில் ஒரே செவிலி நான்.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான் டேரன் யார்ட்லி,
இறைச்சிச் சந்தையில் சுமை தூக்குபவன்.
கையில் இருபத்தாறு கிலோ பெட்யூலா.
"நாலு மணி நேரமா முக்குறா. ஒண்ணும் வரல."

வராது.
குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு சிறிது.
இந்தப் புல்டாக் வம்சத்துக்குப் பேறுகாலம் என்றால்
பெரும்பாலும் கத்திதான்.

டாக்டர் நுஸ்ரத் கயானி கை கழுவுகிறார்.
நான் வயிற்றை மழிக்கிறேன்.
மயக்கம் ஏறும் முன்பே அவள் குறட்டை விடுகிறாள்,
அது குறட்டை அல்ல,
அவள் விழித்திருக்கும்போது மூச்சு விடும் ஓசை.

இங்கிருந்து பத்து நிமிட நடை, புல்ரிங்.
காளையைக் கட்டிய வளையம் என்று பொருள்.
இப்போது அங்கே காலணியும் அத்தரும் விற்கிறார்கள்.
வாசலில் வெண்கலக் காளை,
வெறுங்காலோடு ஏறிப் படம் பிடிக்கும் பிள்ளைகள்.
முன்னொரு காலம் உயிருள்ள காளையைக் கட்டி
நாயை ஏவினார்கள்.
மூக்கைக் கவ்வு. தொங்கு. விடாதே.
தூக்கி எறிந்தாலும், விலா நொறுங்கினாலும் விடாதே.
கடிபட்டுச் செத்த மாட்டின் கறி மெதுவாக இருக்கும்
என்று நம்பினார்கள்.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்தில் சட்டம் வந்தது.
காளை தப்பியது.
நாய்க்கு வேலை போயிற்று.

வேலை போனவனைக் கண்காட்சிக்கு இழுத்துப் போனார்கள்.
ரிப்பன் குத்தினார்கள்.
தலைமுறைக்கு ஒரு நூல் அளவு
மூக்கை உள்ளே தள்ளினார்கள்.
சுருக்கத்துக்கு மதிப்பு, அகன்ற மார்புக்கு மதிப்பு,
வளைந்த காலுக்கும் மதிப்பு.
மூச்சுக்கு யாரும் மதிப்புப் போட்டதாகத் தெரியவில்லை.
பிறகு போர் வந்தது. சுவரொட்டிகளில்
அது ஒரு நாட்டின் முகமாயிற்று.

எருதின் முகத்தில் பாய்ந்த குலத்தில் பிறந்த இவளுக்கு
டேரன் வீட்டுத் தூசி உறிஞ்சியைக் கண்டால் நடுக்கம்.
மாடிப்படி ஏற மாட்டாள்.
பேருந்தில் யார் காலிலும் தலை வைத்துத் தூங்குவாள்.
ஜூலையில் பத்து மணிக்கு மேல் வெளியே கூட்டிப் போனால்
நாக்கு நீலமாகும்.
முக மடிப்புகளை அவன் இரவுதோறும் பஞ்சால் துடைப்பதாகச் சொன்னான்,
பன்றித்தொடை தூக்கித் தடித்த அந்த விரல்களால்.

முதல் குட்டி.
இரண்டாவது.
மூன்றாவதன் மேலண்ணம் பிளந்திருந்தது.
டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தட்டை நகர்த்தினேன்.
நான்காவது அசையவில்லை:
துண்டில் சுருட்டித் தேய்த்தேன், வாயின் சளியை உறிஞ்சினேன்,
திரும்பத் தேய்த்தேன்,
தேய்க்கத் தேய்க்க என் மணிக்கட்டு வலித்தது,
ஒரு கீச்சொலி.

வெளியே போய் அவனைத் திட்டத்தான் நினைத்தேன்.
இந்த இடுப்பைத் தெரிந்தும் ஏன் சினையாக்கினாய்,
குட்டிக்கு ஆயிரத்தைந்நூறு பவுண்டு என்று யார் சொன்னான்,
எந்த வாடகைப் பாக்கி?
அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.
அவளுடைய கழுத்துப்பட்டையைத் தன் மணிக்கட்டில் மாட்டியிருந்தான்.
எத்தனை குட்டி என்று கேட்கவில்லை.
"மூச்சு விடுறாளா?"

விடுகிறாள்.
உள்ளே கூட்டிப் போய்க் காட்டினேன்.

மயக்கம் தெளிந்துவிட்டது, கண் திறந்துவிட்டது.
வேறு நாயாக இருந்தால் இந்நேரம்
தொண்டைக் குழாயைத் துப்பியிருக்கும், இருமியிருக்கும்.
இவள் படுத்துக் கிடக்கிறாள்.
காற்று தடையில்லாமல் போகிறது, வருகிறது.
அந்தக் குர்ர் ஓசை இல்லை. அறையில் அமைதி.
டேரன் பயந்தான்: "ஏன் சத்தமே இல்ல?"

நாலு வயது.
இப்படி ஒரு மூச்சு அவளுக்கு
இதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

குழாயை எடுக்கக் கை நீட்டினேன்.
மெல்லக் கவ்விக்கொண்டாள்.
முன்வரிசைப் பல்லில் பிளாஸ்டிக் அழுந்தியது.
உறுமவில்லை.
விடவும் இல்லை.

இன்னும் ஐந்து நிமிடம், என்றார் டாக்டர்.
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.